பெண்ணியம்தான் கிறிஸ்தவக் குடும்பங்களை உடைக்கிறதா?

ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார்: "ஐயா, எங்கள் சபையில் கடந்த மூன்று வருடங்களில் இரண்டு குடும்பங்கள் விவாகரத்து வரைக்கும் போய்விட்டன. இரண்டிலும் வழக்குப் போட்டது மனைவிதான். படித்த பெண்களுக்குள் பெண்ணியம் புகுந்துவிட்டது. கீழ்ப்படிதலைப் பற்றிப் பிரசங்கிக்கப் போதகர்களே பயப்படுகிறார்கள். முன்பெல்லாம் நம்முடைய குடும்பங்கள் இப்படி உடையவில்லையே?"

சகோதரரே, உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். முன்பு ஏன் உடையவில்லை?

கிறிஸ்தவர்களாகிய நம்மை ஆண்டது 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். மனைவி விபச்சாரம் செய்தாள் என்று மட்டும் நிரூபித்தால் கணவனுக்கு விவாகரத்து கிடைக்கும். மனைவிக்கோ அது போதாது. பொதுவாக, கணவன் விபச்சாரமும் செய்திருக்க வேண்டும், கூடவே கொடுமைப்படுத்தியிருக்க வேண்டும். அல்லது விபச்சாரத்தோடு இரண்டு வருடமாவது கைவிட்டிருக்க வேண்டும். தினமும் அடிக்கிறான், ஆனால் வேறு பெண்ணிடம் போகவில்லை என்றால், பிரிந்து வாழ அனுமதி கேட்கலாம், திருமணக் கட்டு அறாது. மனைவியோடு தவறு செய்த ஆணிடம் கணவன் நஷ்டஈடு கேட்கவும் அந்தச் சட்டத்தில் இடம் இருந்தது. வயலில் மாடு மேய்ந்தால் கேட்பதுபோல! மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தாலும் உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அதை உறுதிசெய்ய வேண்டும். கொடுமை மட்டுமே போதுமான காரணம் என்று கேரள உயர் நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. நாடு முழுவதற்கும் சட்டம் திருத்தப்பட்டது 2001-இல். நூற்று முப்பத்திரண்டு வருடங்கள்!

சரி, பிரிந்து வந்தாலும் எங்கே போவாள்? திருவிதாங்கூரின் 1916-ஆம் ஆண்டு கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. கேரளத்துக் கிறிஸ்தவப் பெண்ணான மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1986-இல் அதை மாற்றினார். ஆகவே, அந்தக் காலத்தில் குடும்பங்கள் உடையாமல் இருந்ததை வைத்து எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல குடும்பங்கள் நிறைய இருந்தன. கதவு பூட்டியிருந்த வீடுகளும் இருந்தன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இப்போது வசனத்துக்கு வருவோம். எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை நாம் இருபத்திரண்டாம் வசனத்தில் தொடங்கி வாசிக்கிறோம். பவுல் தொடங்குவது அதற்கு முந்தைய வசனத்தில்: "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில், அதிலும் வத்திக்கான் பிரதியில், இருபத்திரண்டாம் வசனத்தில் 'கீழ்ப்படியுங்கள்' என்ற வினைச்சொல்லே கிடையாது. முந்தைய வசனத்திலிருந்துதான் அது இறங்கி வருகிறது. அதாவது, ஒருவருக்கொருவர் என்பதை வெட்டிவிட்டு மனைவியின் கீழ்ப்படிதலை மட்டும் தனியே எடுக்கப் பார்த்தால், வாக்கியமே நிற்காது. அடுத்து கணவனுக்கு என்ன சொல்லியிருக்கிறது? கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்ததுபோல அன்புகூர வேண்டும். சாவு வரைக்கும் போகிற அன்பு அது. திருமண ஆராதனையில் இந்தப் பகுதியை வாசித்துவிட்டு மணமகளைப் பார்த்தே முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்வதை எத்தனை முறை கேட்டிருக்கிறேன்!

"தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்" என்ற மல்கியா வசனமும் அப்படித்தான். அங்கேயே நிறுத்திவிடுகிறோம். அதே வசனம் "அப்படிப்பட்டவன் கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறான்" என்று தொடர்கிறது. தீர்க்கதரிசி யாரைக் கண்டிக்கிறார்? மனைவிக்குத் துரோகம் செய்த ஆண்களை. இரண்டு வசனங்களுக்கு முன்னால் மனைவியை "உன் தோழி" என்கிறார். தோழிமேல் யாராவது கை ஓங்குவார்களா?

இதை நான் சும்மா சொல்லவில்லை. ஊழியத்தின் தொடக்க வருடங்களில் ஒரு சகோதரி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரவு எட்டரை மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். உதடு கிழிந்திருந்தது. "பொறுமையாயிருங்கள் அம்மா, ஜெபம் செய்வோம்" என்று சொல்லி, நானே ஆட்டோ பிடித்துத் திருப்பி அனுப்பினேன். என் மனைவி அன்று இரவு என்னோடு பேசவில்லை. அந்தச் சகோதரி அதன் பிறகு சபையில் யாரிடமும் உதவி கேட்கவில்லை. குடும்பம் உடையாமல் காப்பாற்றிவிட்டதாக நான் பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாவத்தை இன்றும் ஆண்டவரிடம் அறிக்கை செய்கிறேன்.

பெண்ணியம் வெளியிலிருந்து வந்து புகுந்தது என்கிறீர்கள். தெற்குத் திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காக அடி வாங்கிய பெண்களில் பலர் சபைப் பெண்கள். 1859-இல் மன்னரின் அறிவிப்பு வரும்வரை அவர்கள் விடவில்லை. நாகர்கோவிலில் மிஷனரிகளின் மனைவிமார் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார்கள். நம் பாட்டிமார் கையில் வேதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னது நாம்தான். வாசித்தவள் கேள்வி கேட்கிறாள் என்று இப்போது கோபப்பட்டால் எப்படி? திருமணம் என்றாலே அடிமைத்தனம் என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. ஆனால் என்னிடம் அழுதுகொண்டு வந்த பெண்களில் ஒருவர்கூட அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தவர் இல்லை. குடி, அடி, வரதட்சிணை, சந்தேகம். இவைதான் அவர்களை அனுப்பின.

நீங்கள் சொன்ன அந்த இரண்டு சகோதரிகள் இப்போதும் ஆராதனைக்கு வருகிறார்களா? வழக்குப் போடுவதற்கு முன்னால் எத்தனை வருடம் பொறுத்திருந்தார்கள், சபையில் யாரிடம் முதலில் போய்ச் சொன்னார்கள், அவர் என்ன பதில் சொன்னார்? இதை உங்கள் மனைவியையும் அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம், வசனமும் சொல்ல வேண்டாம். கேட்டுவிட்டு வந்து எனக்கு மறுபடியும் எழுதுங்கள், சகோதரரே. நான் காத்திருக்கிறேன்.