பாலாற்று மணலில் பழகி, தார்ப் பாலைவனத்தில் படம் பிடிப்போம்

(காட்சி: விரிஞ்சிபுரம் அருகே வறண்ட பாலாறு, காலை வெயில்)

வணக்கம். நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று நம் வேலூரைக் கேலி பேசும் பழைய வழக்கு ஒன்று உண்டு. பாலைநிலத்தைப் படம் பிடிக்க விரும்புகிறவருக்கு அந்தக் கேலி உண்மையில் ஒரு வசதி. ராஜஸ்தானில் ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் சுமார் 3,162 சதுர கிலோமீட்டர் பரந்திருக்கும் பாலைவனத் தேசியப் பூங்காவுக்குப் புறப்படும் முன், செய்ய வேண்டிய பயிற்சி முழுவதையும் இந்த ஆற்றுப் படுகையிலேயே செய்துவிடலாம்.

முதல் பயிற்சி வெளிச்சத்தை அளப்பது. கேமரா தான் காணும் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதி அளப்பதால், வெயிலில் பளிச்சிடும் மணலை மங்கலாகவும் அழுக்காகவும் பதிவு செய்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்டி வைத்தால் மணல் தன் நிறத்துக்குத் திரும்பும். கைப்பேசியில் எடுப்பவர்கள் திரையில் மணலைத் தொட்டு, வெளிச்சக் கோட்டைச் சற்று மேலே நகர்த்தினால் போதும்.

(காட்சி: மணல்மேடு; ஒரே இடம், நண்பகலிலும் மாலையிலும்)

இந்த இரண்டு படங்களும் ஒரே மேட்டைக் காட்டுகின்றன என்றால் நம்புவது கடினம். காற்று எதிர்ப்படும் பக்கம் மணல்மேடு மெல்லச் சரிந்து ஏறும். மறுபக்கம் மணல் தன் எடையால் வழிந்து ஏறத்தாழ 34 பாகைச் சரிவில் நின்றுவிடும். அந்த இரு பக்கங்களையும் பிரித்துக் காட்டுவது நிழல்தான். நண்பகலில் நிழல் இல்லை, ஆகவே மேடும் இல்லை. சூரியன் தாழ்ந்து பக்கவாட்டில் விழும்போதுதான், காற்று வரைந்த விரலளவு அலைகள்கூட ஒவ்வொன்றாக எழுந்து தெரியும்.

நேரத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் தவறாமல் ஏமாறும் ஒரு கணக்கு உண்டு. ஜெய்சல்மேர் நமக்கு மேற்கே 8 பாகைக்கு மேல் தள்ளியும், வெகுவாக வடக்கேயும் இருக்கிறது. ஆகவே ஜனவரியில் வேலூரில் ஆறரை மணிக்கு உதிக்கும் சூரியன் அங்கே ஏழரையை ஒட்டித்தான் உதிக்கும். மறைவதோ இங்குபோல ஆறு மணியளவில்தான். பகல் அவ்வளவு குறுகியது என்பதை மனத்தில் வைத்து நாளைத் திட்டமிட வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை செல்லலாம். இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் என்பதால், ஏலகிரிக்குக்கூட நாம் எடுத்துப் போகாத கம்பளிச் சட்டையை அங்கே மறக்கக் கூடாது.

ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள சாம் மணல்மேடுகளில் ஒட்டகச் சவாரியும் கூட்டமும் மிகுதி. காலடித் தடம் படாத மணல் வேண்டுமானால் விடியலுக்கு முன்பே சென்று, படம் எடுத்த பிறகுதான் மேட்டில் ஏற வேண்டும். ஆனால் பூங்காவில் மணல்மேடுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். எஞ்சியவை பாறை, சரளை, சேவண் புல்வெளி, வன்னி மரம், நமக்குப் பழகிய எருக்கு. என் கணிப்பில் நல்ல படங்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கின்றன. அடிவானத்தில் தனித்து நிற்கும் ஒரு வன்னி மரம், பத்து மணல்மேடுகளைவிட அந்நிலத்தின் விரிவைச் சொல்லும்.

அதே புல்வெளிதான் கானமயிலின் வாழிடம். ஒரு மீட்டர் உயரம் நிற்கும் இப்பறவை அழிவின் விளிம்பில் இருக்கிறது. பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையைத் தரையில் இடுவது. வண்டியை விட்டு இறங்கி நெருங்குவதும், ஒலிபெருக்கியில் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் அதைக் கலைத்துவிடும். வனத்துறை அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள். பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய பகுதி என்பதால் டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

(காட்சி: பையில் கேமரா, ஊதுகுழல்)

மணலில் லென்ஸ் மாற்ற வேண்டாம். கண்ணாடியைவிடக் கடினமான குவார்ட்ஸ் துகள்கள் மணலில் இருப்பதால், துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதுகுழலால், அதாவது கையால் அழுத்திக் காற்றடிக்கும் ரப்பர்க் குமிழால், ஊதித் தள்ளுங்கள்.

சூரியன் மறைந்ததும் எல்லோரும் வண்டிக்குத் திரும்புவார்கள். நீங்கள் இன்னும் இருபது நிமிடம் கிழக்கே திரும்பி நில்லுங்கள். நீலம் கலந்த ஒரு கரும்பட்டை அடிவானத்திலிருந்து மெல்ல எழும். அதன்மேல் இளஞ்சிவப்பு ஒரு பட்டை. அந்தக் கரும்பட்டை, வானத்தில் விழும் பூமியின் நிழல்.