டிராபா வீசிய சூலம்

அவையோருக்கு வணக்கம். வாளும் கேடயமும் ரதமுமாக ஹாலிவுட் எடுத்துத் தள்ளிய பழைய ரோமாபுரிப் படங்களில் கறுப்பின நடிகர்களுக்கு என்ன இடம் கிடைத்தது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்கு 1960இல் வெளிவந்த, ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய 'ஸ்பார்ட்டகஸ்' படத்தின் ஒரு காட்சியே எனக்குப் போதும்.

காபுவா நகரத்தில், மக்கள் பார்க்க மோதும் அடிமை வீரர்களான கிளாடியேட்டர்களைப் பழக்கும் பள்ளிக்கு வரும் ரோமானியச் சீமாட்டிகள், சந்தையில் மாடு பிடிப்பவர்களைப் போல உடற்கட்டைப் பார்த்து, சாகும்வரை மோத வேண்டிய ஆட்களைப் பொறுக்குகிறார்கள். அப்படிப் பொறுக்கப்பட்டவர்களில் ஒருவன் எத்தியோப்பியனான டிராபா. ஒருநாள் உன்னைக் கொல்ல நேரலாம், ஆகவே பெயர் எதற்கு என்று, படத்தின் நாயகனும் சக அடிமை வீரனுமான ஸ்பார்ட்டகஸிடம் முன்பே சொன்னவன். வலையும் சூலமும் ஏந்தி அதே ஸ்பார்ட்டகஸை வீழ்த்தி, கழுத்தருகே சூலத்தை நிறுத்தியவன், மேலிருந்து கொல்லச் சொல்லியும் குத்தவில்லை. திரும்பி, மேல்மாடத்தில் வீற்றிருப்பவர்களை நோக்கிச் சூலத்தை வீசிவிட்டுத் தானும் தாவி ஏறுகிறான். முதுகில் ஈட்டி பாய்ந்து தொங்குபவனின் பிடரியை, லாரன்ஸ் ஒலிவியே ஏற்ற ரோமானியப் பிரபு கிராசஸ், கத்தியால் கீறி முடிக்கிறான்.

டிராபாவாக நடித்தவர் உட்டி ஸ்ட்ரோட். அமெரிக்கர்கள் கால்பந்து என்று அழைக்கும் அந்த முட்டைப்பந்து ஆட்டத்தின் தேசிய லீக்கில் 1934 முதல் கறுப்பினத்தவர் ஒருவர்கூட ஆடாதிருந்த நிலையை, 1946இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் கென்னி வாஷிங்டனுடன் சேர்ந்து உடைத்தவர் இவர். திரையுலகம் அவரை எப்படிப் பயன்படுத்தியது? 1956இல் வந்த 'டென் கமாண்ட்மென்ட்ஸ்' படத்தில் எத்தியோப்பிய மன்னரும் அவரே, இளவரசியின் பல்லக்குத் தூக்கியும் அவரே! 1959இன் 'பென்ஹர்' படத்திலோ அரபு ஷேக் வேடத்துக்கு வேல்ஸ் நாட்டு ஹியூ கிரிஃபித் முகத்தில் கருமை பூசிக்கொண்டார். சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கரும் பெற்றார்.

டிராபாவின் மறுப்பில்தான் அடிமைகளின் கலகம் கருக்கொள்கிறது. ஆனால் அது வெடிக்கும்போது அவன் இல்லை. பிறகு பெரும்படை திரண்டு வெசூவியஸ் மலையடிவாரம் நிறையும்போதும், அவனளவுக்கு மனத்தில் நிற்கும் இன்னொரு கறுப்பின வீரனைப் படம் நமக்குத் தரவில்லை. இது என் தீராத குறை.

எனினும் குப்ரிக் ஒன்றைக் காட்டாமல் விடவில்லை. மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக டிராபாவின் உடல் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடப்படுகிறது. கிளாடியேட்டர்கள் வாய் திறவாமல் அதைக் கடந்து தம் கொட்டடிக்கு இறங்குகிறார்கள். எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் மிசிசிப்பியில் வெள்ளை இனவெறியர்களால் கொல்லப்பட்டு அப்போது ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. அமெரிக்கத் திரையரங்கில் அமர்ந்திருந்த கறுப்பின ரசிகருக்கு, அந்த உடல் பண்டைய ரோமாபுரியைச் சேர்ந்ததாகத் தோன்றியிருக்காது.