தானாக மடியாத ஆக்டின்

நண்பர்களே, இன்சுலினை பாக்டீரியாவில் தயாரிக்கலாம், 1970களின் இறுதியிலேயே செய்துவிட்டார்கள். ஆனால் நம் தசையில் கொட்டிக் கிடக்கும் ஆக்டின் என்ற புரதத்தை அதே பாக்டீரியாவில் தயாரித்துப் பாருங்கள், அமினோ அமிலச் சங்கிலி உருவாகும், வேலை செய்யும் வடிவத்துக்குச் சரியாக மடியாது. மடியாத ஆக்டின் எதற்கும் உதவாது.

காரணம், ஆக்டினை மடித்துக்கொடுக்கும் கருவி பாக்டீரியாவிடம் இல்லை. நம் செல்லில் அது இருக்கிறது. சிசிடி என்று பெயர், மூடியுள்ள பீப்பாய் மாதிரி இரண்டு வளையங்கள், ஒவ்வொன்றிலும் எட்டு வெவ்வேறு புரதங்கள். பிரீஃபோல்டின் என்ற இன்னொரு உதவியாளர், புரதம் தயாராகும் ரைபோசோமிலிருந்து பாதி உருவத்தோடு வரும் ஆக்டினையும், செல்லின் நுண்குழாய்களைக் கட்டும் டியூபுலினையும் பிடித்து வந்து இதனிடம் ஒப்படைக்கும். உள்ளே போனதும் செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து மூடி மூடும், புரதம் மடிந்து வெளியே வரும். டியூபுலினுக்கு இதோடு முடியவில்லை, அப்புறமும் சில துணைப் புரதங்கள் சேர்ந்துதான் அதன் ஆல்ஃபா, பீட்டா என்ற இரு வகைகளையும் ஜோடி சேர்க்கின்றன. செல்லின் சட்டகமே இந்த இரண்டு புரதங்களை நம்பி நிற்கிறது, அவையோ தம்மைத் தாமே மடித்துக்கொள்ளத் தெரியாதவை. எனக்கு இது இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

சரி, மடித்து அனுப்பியதோடு வேலை தீர்ந்ததா? இல்லை. ஆல்ஃபா-பி கிரிஸ்டலின் என்றொரு சிறு வெப்ப அதிர்ச்சிப் புரதம் (செல் தவிக்கும்போது மற்றப் புரதங்களைக் காக்கும் வகை), கண் வில்லையிலும் இதயத் தசையிலும் ஏராளமாக உண்டு. இதயத்துக்கு ரத்தம் குறைந்து செல் தவிக்கும்போது அது தசைநாரின் அலகுகள் சேரும் எல்லையான இசட் கோட்டுக்குப் போய் ஒட்டிக்கொள்கிறது, அங்கேதான் டெஸ்மின் என்ற புரத இழைகள் தசைநார்களைப் பிணைத்து வைத்திருக்கின்றன. 1998இல் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் இந்தப் புரதத்தின் 120ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம், ஆர்ஜினின், கிளைசினாக மாறியிருப்பதைக் கண்டார்கள். அவ்வளவுதான் மாற்றம், ஆனால் டெஸ்மின் கட்டிகட்டியாகத் திரண்டு தசை தளர்ந்தது, இதயம் பழுதானது, கண்ணில் புரையும் விழுந்தது.

இதன் உறவான எச்எஸ்பி27 என்ற இன்னொரு சிறு வெப்ப அதிர்ச்சிப் புரதத்தில் பிழை வந்தால் பாதத்துக்குப் போகும் நீண்ட நரம்புகள் நலிகின்றன என்று 2004இல் தெரிந்தது. அதே எச்எஸ்பி27, மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசிந்து செல் தற்கொலையைத் தூண்டும் சைட்டோகுரோம்-சி என்ற புரதத்தைப் பிடித்து, அந்தத் தற்கொலையைத் தள்ளிப்போடவும் செய்யும். நரம்பு செல்லுக்கு இது உயிர்காப்பு. புற்றுநோய் செல்லும் இதையே குவித்து வைத்துக்கொண்டு கீமோதெரபியைத் தாங்குகிறது, அதனால்தான் மருந்து தேடுபவர்கள் நரம்பில் கூட்ட வேண்டியதைக் கட்டியில் குறைக்க வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள்.