சட்டை ஊசி குத்தின செருப்பு

நடுவர் ஐயாவுக்கும், கோயில் மணலில் இருந்து கச்சான் கொறிக்கிற சபையோருக்கும், நாளைக் காலை சந்தையில் என் முகத்தில் முழிக்கப்போகிற எதிரணிக்கும் வணக்கம். இருப்பது ஏழு நிமிடம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். கார்ட்டூனாக வந்த பழைய தேவதைக் கதைகளை ஆட்களை நடிக்கவைத்துத் திரும்ப எடுப்பது தேவையா, வீண்வேலையா? தேவை என்று பேச வந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் சீட்டுக் குலுக்கினதில் எனக்கு இந்தப் பக்கம் விழுந்தது.

எனக்கு முன் பேசிய மாஸ்ரர் ஒரு சொல் விட்டார். "பழம்புட்டைத் திரும்ப அவித்துப் புதுப்புட்டு என்று விற்கிறார்கள்." நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். முன் வரிசையில் என் சொந்த மச்சாளும் தட்டினா. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாஸ்ரர், யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு புட்டைப் பற்றிக் கதைக்கும்போது கவனம் வேண்டும். இரவு மிஞ்சின புட்டை விடியப்புறம் எடுத்து, முதல் நாள் மீன்குழம்பின் அடிச்சட்டியில் போட்டுப் பிரட்டி, ஒரு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நீங்கள் சாப்பிட்டதே இல்லையா? ஓர் இரவு கிடந்தால்தான் மீனுக்குள் புளி இறங்கும். உங்கள் வீட்டில் புட்டு மிஞ்சுவதே இல்லை என்றால் அது வேறு பிரச்சினை, அதை அக்காவோடு கதைத்துத் தீருங்கோ. பழஞ்சோற்றைத் தயிர் விட்டுக் குழைத்து, உருண்டை பிடித்து, உள்ளங்கையில் வைத்துத் தந்த கிழவிகளின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கு முன்னால் 'பழசு' என்பதை ஏச்சாகச் சொல்லலாமோ?

சரி, படத்துக்கு வருவோம். முதல் புட்டு எது? சின்ரெல்லாவை எடுங்கள். டிஸ்னியின் கார்ட்டூன் 1950இல் வந்தது. ஆட்கள் நடித்த படம் 2015இல், கென்னத் பிரானா இயக்கி வந்தது. மாஸ்ரருக்கு 1950தான் மூலம். அதற்கு முன்னமே 1697இல் பிரான்ஸில் சார்ல்ஸ் பெரோ எழுதிவிட்டார், பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிச் செருப்பும் அவர் கதையில் வந்தவை. 1812இல் ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் சொன்னபோது பூசணிக்காயும் இல்லை, தேவதையும் இல்லை. தாயின் புதைகுழியில் வளர்ந்த மரத்திலிருந்து உடுப்பு விழுகிறது. செருப்புக்குள் கால் நுழைய அக்காமாரில் ஒருத்தி விரலை வெட்டுகிறாள், மற்றவள் குதிக்காலை வெட்டுகிறாள். மூலத்தை மாற்றக்கூடாது என்கிற மாஸ்ரர் இதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவாரோ?

இன்னும் ஒன்று. அந்த 1950 கார்ட்டூனுக்கே ஹெலன் ஸ்டான்லி என்ற நடிகையை நடிக்கவைத்துப் படம் பிடித்து, அதைப் பார்த்துத்தான் கோடு போட்டார்கள். ஆள்தான் முதல். கார்ட்டூன்தான் பழம்புட்டு! கச்சானைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுங்கோ.

2019இல் வந்த 'லயன் கிங்' சிங்கப் படத்தில் சிங்கங்களின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை என்று எதிரணித் தங்கச்சி சொன்னா. என்னிடம் பதில் இல்லை. அது கிட்டத்தட்ட முழுக்கக் கம்பியூட்டர் வேலை, அதில் ஆட்களே நடிக்கவில்லை, ஆகவே தலைப்புக்குள் வராது என்று சொல்லித் தப்பிக்கொள்கிறேன்.

இனி நான் சொல்ல வந்த கதை. 1993. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று மூன்று வருடம், எனக்கு ஏழு வயது. ஒழுங்கையில் காசு சேர்த்து ரிவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். முதலில் பெரியவர்களுக்கு ஒரு தமிழ்ப் படம். பிறகு பிள்ளைகளுக்கு, கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்த சின்ரெல்லா கசெற். இங்கிலீசு ஒருவருக்கும் விளங்கவில்லை, எலி மட்டும் விளங்கியது. ராசகுமாரனோடு ஆடுகிறாள், மணிக்கூடு அடிக்கத் தொடங்குகிறது, ஒன்று, இரண்டு, மூன்று... ஜெனரேற்றர் நின்றுவிட்டது.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, திரும்பச் சொல்கிறேன். பன்னிரண்டு அடித்தால் எல்லாம் மறைந்துவிடும் என்கிற கதையில், மூன்று அடிக்கவே எங்களுக்கு எல்லாம் மறைந்துவிட்டது! மாமா கயிற்றை இழுக்கிறார். டுக் டுக் என்கிறது, நிற்கிறது. திரும்ப இழுக்கிறார். கயிறு கையோடு வந்துவிட்டது. மண்ணெண்ணெய் விற்ற விலையில் ஊற்றிப் பார்க்கவும் ஒருவருக்கும் துணிவில்லை. பிள்ளைகள் எல்லாம் அழுகிறோம்.

அப்போதுதான் பின்னால் வெற்றிலை சப்பிக்கொண்டிருந்த அப்பம்மா, "அழாதேங்கோ, மிச்சத்தை நான் சொல்லுறன்" என்றா. படத்தின் பாதியில் அவ நித்திரை. நித்திரைக்கு முந்தின பாதியும் விளங்கவில்லை. ஆனாலும் சொன்னா.

ராசகுமாரன் சைக்கிளில் வந்தான். பெற்றோல் இல்லையே. கையில் ஒற்றைச் செருப்பு. கண்ணாடிச் செருப்பு இல்லை, "கண்ணாடியை ஆர் காலிலை போடுறது, வெட்டிப்போடும்" என்றா. ரப்பர்ச் செருப்பு. வார் அறுந்து, சட்டை ஊசி குத்தினது. ஊரில் எல்லாப் பெட்டைகளுக்கும் அந்தச் செருப்பு அளவாகத்தான் இருந்ததாம். "பேந்து என்னெண்டு பிடிச்சவன்?" என்று கேட்டோம். "மற்றச் செருப்பிலையும் ஊசி குத்தியிருந்தவளை."

மாஸ்ரர், 2015 படத்துக்குப் படிகத்தில் செருப்புச் செய்தார்கள். காலில் போட முடியவில்லை, கம்பியூட்டரில்தான் காலுக்குப் பொருத்தினார்கள். அப்பம்மா 1993இலேயே சொல்லிவிட்டா!

மணியைத் தொடாதேங்கோ ஐயா, ஒரு நிமிடம்.

1995 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து நடந்த அந்த இரவை இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. நாவற்குழிக்குக் கிட்ட, மழைக்குள்ளே, சனத்துக்குள்ளே, என் ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. குனிந்து தேட முடியாது, பின்னால் சனம் தள்ளுகிறது. நான் அழுகிறேன். அப்பம்மா கேட்டா: "ஊசி குத்தினதோ?"

"ஓம்."

"அப்ப என்ன, கொண்டு வருவான். நட."

அவ தன் செருப்பைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டா. பெரிய செருப்பு, விரலை இறுக்கிக்கொண்டு நடந்தேன். கொடிகாமம் வரைக்கும் அவ வெறுங்கால். அடுத்த மாரிக்கு அவ இல்லை. வீட்டை அவ திரும்பிப் பார்க்கவே இல்லை.

இப்போது எனக்கு ஒரு மகள். போன மாதம் அவளை மடியில் வைத்துக்கொண்டு அந்த 2015 படத்தைப் போட்டேன். கார்ட்டூனில் ஓடினது ஒரு கோடு, ஐயா. இதில் உண்மையான ஒரு பிள்ளை, ஒற்றைச் செருப்போடு, இருட்டுக்குள் ஓடுகிறாள். எனக்குத் திரை தெரியவில்லை. தர்க்கம் என்னிடம் கேட்காதேங்கோ, அதை மாஸ்ரரிடமே விட்டுவிடுகிறேன்.

ராசகுமாரன் செருப்பைக் கையில் எடுத்தான். மகள் எழும்பிப் போய்த் திரைக்குக் கிட்ட நின்று பார்த்தாள். பிறகு திரும்பி, "அம்மா, சட்டை ஊசி எங்கை?" என்று கேட்டாள்.

நன்றி, வணக்கம்.