புரட்டாதியில் வானோடு புறப்படலாமா?

வணக்கம். இன்றைய கேள்வி சாவகச்சேரியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து வந்திருக்கிறது. அவரும் மனைவியும் அறுபதைக் கடந்தவர்கள். பழைய வான் ஒன்று வைத்திருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் மகள், அங்கே இலைகள் சிவந்து உதிரும் காலத்தில் வயதான தம்பதியர் கூடாரத்தையும் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் படங்களை அனுப்பியிருக்கிறாராம். "அதே மாதங்களில் நாங்களும் ஒரு கிழமை இப்படிச் சுற்றலாமா? எந்தப் பக்கம் போவது? இந்த வயதில் கூடாரத்தில் படுப்பது சரிவருமா?" என்று கேட்கிறார். மார்கழியில் மகள் வரும்போது இன்னொரு தடவை போகவும் ஆசையாம்.

ஐயா, தாராளமாகப் போகலாம். காலத்தை மட்டும் தவறவிடாதீர்கள். எங்களுக்கு இலையுதிர் காலம் இல்லை. நல்லூர்த் திருவிழாவுக்கும் அடைமழைக்கும் இடையே ஒரு சிறிய இடைவெளிதான் இருக்கிறது. ஆவணி அமாவாசையோடு நல்லூர் முடிகிறது. ஐப்பசியில் மழை தொடங்கிவிடும். ஆகவே செப்டம்பர் பிற்பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் கொளுத்தும், மறுக்கவில்லை. ஆனாலும் வீதி காய்ந்திருக்கும், கிழக்குக் கடலும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

கண்டி, நுவரெலியா என்று நீட்ட வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மட்டுமே 320 கிலோமீற்றர் அளவில் வரும். ஒரு கிழமைக்குள் அதையும் திணித்தால், வான்தான் ஊர் பார்க்கும், நீங்கள் பார்க்க மாட்டீர்கள். என் யோசனை, மேற்குக் கடலில் தொடங்கிக் கிழக்குக் கடலில் முடிப்பது. ஈழத்தின் பாடல் பெற்ற தலங்கள் இரண்டுமே, மன்னார்ப் பக்கம் திருக்கேதீச்சரமும் திருகோணமலையில் திருக்கோணேச்சரமும், இந்தப் பாதையில் வந்துவிடுகின்றன. புரட்டாதிச் சனி விரதம் பிடிக்கிற வீடு என்றால், சனிக்கிழமை இந்த இரண்டு ஊர்களில் ஒன்றில் நிற்கும்படி பயண நாட்களை அமைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பிரச்சினையும் தீரும்.

சாவகச்சேரியிலிருந்து கேரதீவு, சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி வழியாக மன்னாருக்கு இறங்கலாம். 2011இல் அந்தப் பாலம் திறந்த பிறகு, வவுனியாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. பள்ளிமுனையில் பெருக்கமரம் இருக்கிறது, தலைமன்னார்க் கடற்கரை இருக்கிறது, திருக்கேதீச்சரத்துப் பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைக்கலாம். பூநாரைக் கூட்டத்தை மட்டும் எதிர்பார்த்துப் போகாதீர்கள், அதற்கு மழை பெய்து முடிய வேண்டும். மன்னாரில் கூடாரத்தை விரிக்கவும் வேண்டாம். அந்த மாதத்தில் சோளகக் காற்று இன்னும் ஓய்ந்திருக்காது. தீவின் கரையில் காற்றாலைகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள் என்றால் காற்றின் வேகத்தை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு இரவும் ஒரு விடுதியில் தங்குங்கள்.

பிறகு மடு மாதா கோயிலைப் பார்த்துக்கொண்டு வவுனியாவுக்கு வந்து, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை. இந்தத் துண்டில் யானை நடமாட்டம் உண்டு. காலையில் வெளிக்கிட்டு, பின்னேரம் நான்கு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மைம்மல் பொழுதில் ஓடவே கூடாது.

கூடாரம் அடிப்பதென்றால் நிலாவெளிப் பக்கம்தான். அங்கும் வெறும் கடற்கரையில் வேண்டாம். விடுதிக்காரரிடம் கேட்டு, அவருடைய வளவுக்குள் அடியுங்கள். கிணறும் மலசலகூடமும் பக்கத்தில் இருக்கும். இரவில் இரண்டு தரம் எழும்புகிற வயதில் அது சின்ன விடயமா?

இனி, நான் அதிகம் பயப்படுவது எண்ணெய் விரியனுக்கு. அது இரவில் திரிகிற பாம்பு. நிலத்தில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. கடி வலிப்பதே குறைவு. ஏதோ பூச்சி என்று மறுபடி தூங்கிவிடுவார்கள். விடியும்போது வயிற்று வலியும், கண் இமைகள் தாமாகக் கீழே விழுவதும் தொடங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அரச வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். ஆகவே அடித்தளம் சேர்த்துத் தைத்த கூடாரமாக வாங்குங்கள், நான்கு பக்கமும் படங்கைக் கட்டிவிட்டுக் கூடாரம் என்று சொல்லாதீர்கள். சப்பாத்தை உதறிப் பார்த்துப் போடுங்கள், ரோர்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள். முழங்கால் வலி இருந்தால் கூடாரத்தையே விடுங்கள். வானின் பின் ஆசனங்களைக் கழற்றி ஒரு மெத்தை போட்டால், நிலத்திலிருந்து எழும்புகிற பாடும் இல்லை, பாம்புப் பயமும் இல்லை. எனக்குக் கேட்டால் அதுதான் நல்ல படுக்கை.

திரும்பும்போது ஏ9 வீதியால் வருவீர்கள். நிழலைக் கண்டதும் சமைக்கலாம் என்று வீதியை விட்டுக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை பல ஆண்டுகளாக நடந்துவரும் இடம். மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் அந்தப் பக்கமே திரும்பக் கூடாது. குளக்கட்டிலும் இரவு தங்காதீர்கள், முதலை இருக்கும்.

மார்கழிப் பயணம் பற்றி. அப்போது இதே பாதையில் போனால் மழைக்குள் மாட்டிக்கொள்வீர்கள், கிழக்குக் கடலும் கொந்தளிக்கும். மகளோடு காலி, மாத்தறைப் பக்கம் போங்கள். அந்தக் கரைக்கு அதுதான் நல்ல காலம். வானை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் கொழும்புவரை போனால், எல்லோருக்கும் இடுப்பு மிஞ்சும்.