பல ஊர் லினக்ஸ் கணினிகள்: தள்ளாதீர்கள், இழுக்க விடுங்கள்

வணக்கம் நண்பர்களே. மதுரை, சேலம், நாகர்கோவில் என்று ஊருக்கொரு கிளை நடத்தும் பயிற்சி நிலையம் ஒன்றில் எல்லாக் கணினிகளிலும் உபுண்டு ஓடுகிறது, அத்தனையையும் கவனிக்க ஒரே ஆள்தான் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

இதற்கு, பல கணினிகளின் அமைப்பை ஒரே இடத்திலிருந்து கவனிக்க உதவும் ஆன்சிபிள் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். 2012இல் வெளிவந்து, 2015இல் ரெட் ஹேட் வாங்கிய இந்தக் கருவிக்கு, மறுமுனைக் கணினியில் எஸ்எஸ்எச்சும் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வசதி) பைத்தானும் இருந்தாலே போதும் என்பது உண்மைதான். ஆனால் நம் கணினியிலிருந்து கட்டளையைத் தள்ளும் அதன் வழக்கமான முறை டேட்டா சென்டருக்கே பொருந்தும். கிளைகளின் பிராட்பேண்டுக்குப் பெரும்பாலும், வெளியிலிருந்து நேரே அணுகக்கூடிய பொது ஐபி முகவரி கிடைக்காது, மாலையானால் கணினிகளையும் அணைத்துவிடுவார்கள்.

ஆகவே திசையை மாற்றிவிடலாம் என்பது என் கருத்து. ஆன்சிபிளோடு சேர்ந்தே வரும் ஆன்சிபிள்-புல், ஒவ்வொரு கணினியும் கிட் களஞ்சியத்திலிருந்து (மாற்றங்களைப் பதிவுசெய்து கோப்புகளை வைத்திருக்கும் இடம்) பிளேபுக்கை, அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலை, தானே எடுத்துத் தன்மீதே இயக்கிக்கொள்ள வழிசெய்கிறது. ரவுட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை.

திரையில் தெரியும் களஞ்சியத்தைப் பாருங்கள். பிளேபுக்கின் பெயரை நாம் குறிப்பிடாவிட்டால், தன் ஹோஸ்ட்நேமில், அதாவது கணினிக்கு வைத்த பெயரில், ஒரு கோப்பு இருக்கிறதா என்று கணினி முதலில் தேடும், இல்லையென்றால் லோக்கல்.ஒய்எம்எல் என்ற பொதுக் கோப்பை எடுத்துக்கொள்ளும். பிரிண்டர் இணைத்த சேலம்-01க்கு மட்டும் தனிக் கோப்பு எழுதியிருக்கிறேன். நிறுவும்போது வந்த பெயரையே ஹோஸ்ட்நேமாக விட்டுவைப்பவர்கள்மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு!

இதைக் குறித்த நேரத்தில் தானாக இயக்க, லினக்ஸின் பழைய வழியான கிரானைவிட சிஸ்டம்டி டைமரே மேல். ‘பெர்சிஸ்டென்ட்’ என்பதை இயக்கி வைத்தால், கணினி அணைந்திருந்தபோது தவறிய ஓட்டம் மறுபடி போட்டவுடன் நடக்கும். ‘ரேண்டமைஸ்டு டிலே’யையும் சேர்த்தால் லேபில் உள்ள அத்தனை கணினிகளும் ஒரே நேரத்தில் இணையத்தை அடைக்காது.

களஞ்சியம் மாறினால் மட்டும் இயங்கச் சொல்லும் ‘-ஓ’ தேர்வைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். பிளேபுக் பாதியில் தோற்றுப்போனால், அடுத்த முறை புதிய மாற்றம் இல்லை என்று கணினி சும்மா இருந்துவிடும். மாணவர் யாராவது கையால் மாற்றிய அமைப்பும் அப்படியே கிடக்கும். ஒழுங்காக எழுதிய பிளேபுக், ஏற்கெனவே சரியாக இருப்பதைத் தொடாது என்பதால், ஒவ்வொரு முறையும் முழுமையாக ஓடட்டும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். களஞ்சியத்தில் எழுதும் உரிமை யாருக்கு இருக்கிறதோ, அவருக்கு எல்லா ஊர்க் கணினிகளிலும் ரூட் உரிமை, அதாவது எதையும் மாற்றும் முழு அதிகாரம், இருப்பதாகவே பொருள். கணினிகளுக்குப் களஞ்சியத்தைப் படிக்க மட்டும் முடிகிற டிப்ளாய் கீயை (அந்தக் களஞ்சியத்துக்கு மட்டுமான சாவி) கொடுங்கள். கமிட்டில் (களஞ்சியத்தில் பதிவான மாற்றத்தில்), அதைச் செய்தவர் யார் என்று காட்டும் ஜிபிஜி மின்கையொப்பம் சரியாக இல்லாவிட்டால் நின்றுவிடும்படி ‘வெரிஃபை-கமிட்’ தேர்வையும் சேர்த்துவிடுங்கள்.