கருமணி இருளில்தான் விரிகிறது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை மாலையை எங்களுக்குக் கொடுத்து இந்தச் சமூக மன்றத்தில் வந்து அமர்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

"தமிழ் இலக்கியத்தில் மனித மனத்தைப் பெரிதும் திறந்து காட்டுவது ஒளியே" என்று எதிரணித் தலைவர் அடித்துப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார். நான் இருளின் கட்சி. இதை யாரும் எனக்குச் சீட்டுக் குலுக்கித் தரவில்லை. நானே கேட்டு வாங்கினேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாதியாக வேலை பார்க்கிறேன். அதில் பாதிக்காலம் இரவுப் பணி.

தலையில் அடிபட்டு வந்தவர்களை இரவில் நாங்கள் சும்மா தூங்க விடுவதில்லை. மணிக்கணக்கு வைத்து எழுப்பி, இமையை விலக்கி, கண்ணில் சிறு டார்ச் அடித்துப் பார்ப்போம். வெளிச்சம் பட்டதும் கருமணி சுருங்க வேண்டும். 2 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் என்று அளவைக் குறித்துக்கொள்வோம். டார்ச்சை விலக்கினால் மறுபடி விரியும். நல்ல இருட்டில், இளவயதுக் கண் என்றால், 7, 8 மில்லிமீட்டர் வரைகூட விரியும். வெளிச்சத்தைக் கண்டு ஒடுங்குவதும் இருட்டைக் கண்டு திறப்பதும்தான் கண்ணின் பிறவிக் குணம். இன்னொன்று: கருமணி என்று நாம் சொல்வதே ஒரு துளை. அங்கே கறுப்பாகத் தெரிவது கண்ணுக்குள் இருக்கும் இருட்டு. வள்ளுவர் காதலிக்கு இடம் தேடுகிறார். நெஞ்சில் தேடவில்லை, மாளிகையில் தேடவில்லை. "கருமணியிற் பாவாய்நீ போதாய்" என்கிறார். கண்மணிக்குள் இருக்கும் பாவையே, நீ கிளம்பு, நான் விரும்புகிறவளுக்கு இடம் போதவில்லை. உடம்பிலேயே மிகக் கறுத்த இடத்தை அவளுக்கு வீடாகக் கொடுக்கிறான் அந்தக் காதலன்.

எதிரணித் தலைவர் பூதத்தாழ்வாரை அழைத்துவந்தார். "அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக" ஏற்றிய ஞான விளக்கை இந்த மேடையில் ஏற்றிவைத்தார். அந்தப் பாட்டை நானும் கைகூப்பித்தான் கேட்டேன். ஆனால் அந்த விளக்கு ஏற்றப்பட்ட கதையை அவர் பாதியில் தொடங்கிவிட்டார், நடுவர் அவர்களே. முன்பாதியை நான் சொல்கிறேன். திருக்கோவலூர். மழை இரவு. ஒரு சிறிய இடைகழி. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். பொய்கை, பூதம், பேய் என்ற மூன்று ஆழ்வார்களும் இருட்டில் நிற்கிறார்கள். அப்போது நான்காவதாக யாரோ வந்து நெருக்குகிறார். யார் என்று தெரியவில்லை, நெருக்கம் மட்டும் தெரிகிறது. அதற்குப் பிறகுதான் விளக்கு. இறைவன் வந்து தோளோடு தோள் உரசியது இருட்டில். பகலாக இருந்திருந்தால் மூவரும் விலகி வழிவிட்டு, தள்ளி நின்றிருப்பார்கள்.

"இருள்சேர் இருவினை" என்ற குறளைக் காட்டி, இருள் என்றாலே அறியாமை என்றும் சொன்னார். சைவ சித்தாந்தமும் உயிரைப் பற்றியிருக்கும் அழுக்கான ஆணவத்தை இருள்மலம் என்றுதான் அழைக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெயரை வைத்து ஓர் அதிகாரமே எழுதிய உமாபதி சிவம் திருவருட்பயனில் என்ன சொல்கிறார்? "ஒருபொருளும் காட்டாது இருளுருவம் காட்டும், இருபொருளும் காட்டாது இது." இருட்டு மற்ற பொருளைக் காட்டாது, ஆனால் தன்னைக் காட்டிவிடும், 'இது இருட்டு' என்று நமக்குத் தெரிந்துவிடும். ஆணவம் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. மலத்துக்கு இருள் என்று பெயர் வைத்தவர்களே, வெளி இருட்டு அதைவிட நேர்மையானது என்று எழுதிவைத்துவிட்டார்கள். இரவுப் பணியின் நடுவே ஓய்வறையில் உட்கார்ந்து இந்தக் குறளை முதன்முதலாகப் படித்தபோது என் தேநீர் ஆறிப்போனது எனக்குத் தெரியவில்லை.

இனி நான் மிகவும் நேசிக்கும் இடத்துக்கு வருகிறேன். குறிஞ்சிக்கு யாமத்தைக் கொடுத்தார் தொல்காப்பியர். காதலர் கூடும் திணைக்கு நள்ளிரவு. அந்த இரவில் விழித்திருந்த ஒரு தோழியைக் குறுந்தொகையில் கொல்லன் அழிசி பாடுகிறார். "கொன்னூர் துஞ்சினும் யாம்துஞ் சலமே." ஊரே தூங்கினாலும் நாங்கள் தூங்கவில்லை. ஏன் தெரியுமா? வீட்டுக்குப் பக்கத்தில் நொச்சி மரம், மயிலின் காலடி போன்ற இலை. அதன் மெல்லிய கொம்பு உதிர்த்த நீலமணி போன்ற பூக்கள் விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டே கிடந்தோம் என்கிறாள். நொச்சிப்பூ எவ்வளவு சிறியது! அது விழுவதற்கு ஓர் ஓசை உண்டு என்று பகலில் யாருக்காவது தோன்றுமா? இரவெல்லாம் உனக்காகத்தான் காத்துக் கிடந்தோம் என்று தலைவனிடம் அவள் நேராகச் சொல்லவில்லை. பூ விழுந்த சத்தத்தைச் சொன்னாள். அவ்வளவும் அதற்குள் வந்துவிட்டது.

ஒரு முதியவர் எங்கள் வார்டில் இருந்தார். பகலில் பிள்ளைகள் வந்தால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். விடியற்காலை மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா மிஸ்ஸி, லிப்ட் நிக்கிற சத்தம் கேக்குதா? எம் பொண்டாட்டி பாசிர் பாஞ்சாங் காய்கறிக் கிடங்குல ராத்திரி வேலை முடிச்சு வர்றப்போ எங்க புளோக்குல இப்படித்தான் நிக்கும். கதவைத் தொறக்குறதுக்காக முழிச்சிருப்பேன்." அவர் மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. நொச்சிப்பூவின் ஓசை எனக்கு அன்றைக்குத்தான் கேட்டது.

வள்ளுவரின் தலைவி இந்த இரவையே பார்த்து இரங்குகிறாள். "மன்னுயிர் எல்லாம் துயிற்றி அளித்திரா என்னல்லது இல்லை துணை." எல்லா உயிரையும் தூங்கவைத்துவிட்டு, பாவம், இந்த இரவு தனியாக நிற்கிறது, என்னைவிட்டால் அதற்குத் துணை இல்லை. எங்களைப் போல இரவில் விழித்திருப்பவர்களுக்கு இது உரை தேவைப்படாத குறள்.

இரவு என்றால் ஆபத்து என்றார்கள். சிலம்பைத் திறந்து பாருங்கள். கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டுக் கிளம்பியது "வான்கண் விழியா வைகறை யாமத்து." வானத்தின் கண்ணாகிய சூரியன் இன்னும் விழிக்காத வேளை. பாண்டிய நாட்டில் வெயில் சுட்டபோது, இரவில் நடப்பதில் கேடில்லை என்று இரவில் நடந்தார்கள். கரடியும் புலியும் தொடவில்லை. கோவலன் வெட்டுப்பட்டது பகலில்! அதனால்தான் கண்ணகி, "காய்கதிர்ச் செல்வனே, கள்வனோ என் கணவன்?" என்று சூரியனைக் கேட்கிறாள். கள்வன் அல்லன் என்று பதில் வந்தது. எல்லாவற்றையும் பார்த்தவன் சொன்ன பதில்தான். ஆனால் வாள் இறங்கிய பிறகு வந்த பதில்.

நம் ஊருக்கு வருகிறேன். செயற்கை ஒளி இரவு வானத்தை எவ்வளவு மூடியிருக்கிறது என்று காட்டும் உலக வரைபடம் 2016ஆம் ஆண்டு வெளியானது. அதில் நாடுகளின் வரிசையில் முதலில் நிற்பது சிங்கப்பூர். நம் மக்கள் அத்தனை பேரும் வாழும் இரவு வானத்தின் வெளிச்சத்தில், கண் இருளுக்கு முழுதாகப் பழகவே முடியாது. முழுதாகப் பழக அதற்கு 20, 30 நிமிட இருட்டு வேண்டும். இங்கே நமக்கு அது கிடைப்பதில்லை. "நட்ட நடுநிசியில் தெரியும் நட்சத்திரங்களடி" என்று கண்ணம்மாவின் கருநீலப் புடவையில் பதித்த வைரங்களைப் பாரதி பாடியதை என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் பால்கனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "எத்தனைம்மா தெரியணும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வேண்டியிருந்தது இருட்டு. சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்கு எரிவதை எதிரணியினர் பெருமையாகச் சொன்னார்கள். அதைப் பார்க்க நாமும் பொழுது சாயும்வரை காத்திருந்துதானே போகிறோம்?

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. கண்ணப்பரை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

காளத்தி நாதரின் ஒரு கண்ணில் குருதி. திண்ணன், அதுதான் கண்ணப்பரின் இயற்பெயர், தன் கண்ணை அம்பால் தோண்டி அப்பினான், குருதி நின்றது. மறு கண்ணிலும் குருதி வந்தது. இருக்கும் ஒரு கண்ணையும் எடுத்துவிட்டால் அப்ப வேண்டிய இடம் தெரியாதே! செருப்புக் காலைத் தூக்கி இறைவன் கண்மேல் அடையாளமாக ஊன்றிக்கொண்டான். அம்பை எடுத்தான். அடுத்த நொடி முதல் ஆயுள் முழுக்க இருட்டு என்று அவனுக்குத் தெரியும். அந்த இருட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கால் தயாராக இருக்கிறது. அப்போதுதான், அதற்கு முன் அல்ல, "நில்லு கண்ணப்ப" என்று குரல் வருகிறது, கை வந்து பிடிக்கிறது.

தீர்ப்பு உங்கள் கையில். நன்றி, வணக்கம்.